மின்னேற்றம்: ஒரு சொல்லும் அதன் வேகமும் கட்டணமும்

"வண்டிக்கு சார்ஜ் போட எவ்வளவு சார்ஜ் ஆகும்?" என்று கேட்டால் தமிழ் பேசும் எவருக்கும் பொருள் விளங்கிவிடும். முதலில் வரும் சார்ஜ், மின்கலத்தில் மின்சாரத்தைச் சேர்க்கும் செயல்; இரண்டாவது, அதற்காகக் கட்ட வேண்டிய பணம். "இன்னும் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது?" என்றால் அது எஞ்சியுள்ள இருப்பு. இயற்பியல் பாடத்தில் எலக்ட்ரானின் சார்ஜ் என்றால் அது பொருளின் அடிப்படைப் பண்புகளுள் ஒன்று. பேச்சில் இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம் என்பதால் இடரில்லை. ஆனால் மின்வண்டி வாங்க எண்ணும் ஒருவர், எந்த வண்டி விரைவில் ஏறும், எந்த நிலையம் தமக்குக் கட்டுபடியாகும் என்று ஒப்பிட முனையும்போது, ஒரே சொல் நான்கு பொருள்களைச் சுமந்து நிற்பது அவரைத் திணறடிக்கிறது. அவருக்குத் தெளிவான சொற்கள் தேவை. அவை தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை முதலில் பார்ப்போம். கெல்ட்டிய மொழியிலிருந்து லத்தீனுக்கு வந்த 'கார்ருஸ்' என்ற சொல் சுமைவண்டியைக் குறித்தது. அதிலிருந்து பிற்கால லத்தீனில் 'கார்ரிகாரே' என்ற வினை பிறந்தது. வண்டியில் சுமையேற்றுதல் என்பது அதன் பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்து அதுவே 'சார்ஜ்' ஆயிற்று. 'கார்' என்ற சொல்லும், கப்பல் சரக்கைக் குறிக்கும் 'கார்கோ'வும் அதே வேரின் கிளைகள். ஆகவே காரை சார்ஜ் செய்கிறோம் என்னும்போது, வண்டியில் ஏற்றுகிறோம் என்ற மிகப் பழைய பொருளுக்கே திரும்பியிருக்கிறோம். ஒருவர்மீது ஏற்றப்படும் பொறுப்பும், அவர்மீது சுமத்தப்படும் குற்றமும், அவர் செலுத்த வேண்டிய கட்டணமும் சுமைகளே என்பதால் அவை எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தன. பழி சுமத்துதல், வரிச்சுமை என்று நாமும் சொல்வதால் இந்தப் பொருள்விரிவு தமிழுக்குப் புதிதன்று. துப்பாக்கியிலும் பீரங்கியிலும் ஒருமுறை வெடிப்பதற்கு வேண்டிய அளவு மருந்தைத் திணிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர்.

மின்சாரத்துக்கு இச்சொல் வந்தது 18ஆம் நூற்றாண்டில். 1745, 1746 ஆண்டுகளில் கண்டறியப்பட்ட லைடன் சாடி, மின்சாரத்தைக் கண்ணாடிக் கலத்தில் தேக்கி வைத்து ஒரே நொடியில் வெளிவிட முடியும் என்று காட்டியது. மருந்து திணித்த பீரங்கிக்கும் அந்தச் சாடிக்கும் உள்ள ஒப்புமை எளிதில் மனத்தில் படுவது. பெஞ்சமின் பிராங்கிளின் 1740களின் இறுதியில் 11 கண்ணாடிப் பலகைகளை இணைத்து அமைத்த கருவிக்கு, பீரங்கி வரிசையைக் குறிக்கும் 'பாட்டரி' என்ற சொல்லையே பெயராக வைத்தார். அந்தச் சொல்லின் பிரெஞ்சு மூலத்துக்கு அடித்தல் என்று பொருள். தமிழ் இந்தப் போர்க்களத்துக்குப் போகவில்லை. கொள்கலத்தைக் குறிக்கும் 'கலம்' என்ற சொல்லைக் கொண்டு 'மின்கலம்' என்றது, பலவற்றைச் சேர்த்தால் 'மின்கல அடுக்கு' என்றது. உள்ளிருப்பது என்ன என்பதைச் சொல்லும் அளவில் இது 'பாட்டரி'யைவிடத் தெளிவான பெயர். தீர்ந்த கலத்தை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவது, பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே 1859இல் ஈய அமிலக் கலத்தை உருவாக்கிய பிறகே நடைமுறைக்கு வந்தது.

தமிழில் சார்ஜுக்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'மின்னூட்டம்' என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'ஏற்றம்' என்கின்றன. இரண்டுமே பிறவினையிலிருந்து பிறந்தவை. உண் என்பதன் பிறவினை ஊட்டு. ஏறு என்பதன் பிறவினை ஏற்று. குழந்தைக்குச் சோறூட்டுவதைப்போல மின்சாரத்தை ஊட்டுவது மின்னூட்டம். வண்டியில் மூட்டையை ஏற்றுவதைப்போல மின்சாரத்தை ஏற்றுவது மின்னேற்றம். இரண்டும் அழகான சொற்கள்தாம். எனினும் வண்டியின் மின்கலத்தைப் பொறுத்தவரை மின்னேற்றமே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. முழுதும் நிரம்பிய மின்கலத்தில், தீர்ந்துபோன மின்கலத்தில் இருப்பதைவிட மிகுதியான மின்னூட்டம் இருப்பதில்லை. இரு நிலைகளிலும் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாகவே இருக்கின்றன. மாறுவது அதில் சேமிக்கப்பட்ட ஆற்றல். வண்டி ஓடும்போது மின்கலத்துக்குள் லித்தியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட லித்தியம் அணுக்கள், ஒரு மின்வாயிலிருந்து (மின்முனையிலிருந்து) மற்றதற்குத் தாமாக இறங்கி வருகின்றன. அவற்றை வந்த வழியே மேலேற்றி அனுப்பத்தான் வெளியிலிருந்து மின்சாரம் வேண்டியிருக்கிறது. கிணற்று நீரைக் கீழிருந்து மேலே கொண்டுவரும் கருவிக்கும் ஏற்றம் என்றே பெயர் என்பதை நினைத்துப் பார்த்தால், இச்சொல் எவ்வளவு துல்லியமாக அமைகிறது என்பது விளங்கும். எலக்ட்ரானின் பண்புக்கு மின்னூட்டம் என்றும், மின்கலத்தை நிரப்பும் செயலுக்கு மின்னேற்றம் என்றும் வைத்துக்கொண்டால் இரு சொற்களும் வீணாகாமல் தத்தம் வேலையைச் செய்யும்.

மக்களின் நாக்கும் இதையே சொல்கிறது. "சார்ஜ் ஏறுகிறது", "சார்ஜ் இறங்கிவிட்டது" என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். பெயர்ச்சொல் கடன் வாங்கியது, வினைச்சொல் நம்முடையது. அந்த வினையிலிருந்து மின்னேற்றம், மின்னிறக்கம், மின்னேற்றி, மின்னேற்ற நிலையம் ஆகிய அனைத்தும் இயல்பாகக் கிளைக்கின்றன. எஞ்சியுள்ள அளவுக்கு 'இருப்பு' என்ற பழகிய சொல்லே போதும். "40 சதவீத இருப்பு" என்றால் எவரும் குழம்பப் போவதில்லை.

இனி வேகம். 'விரைவு மின்னேற்றம்' என்ற தொடரில் வேகம் என்று சொல்லப்படுவது உண்மையில் மின்திறன். அதன் அலகு கிலோவாட். ஏற்றப்படும் ஆற்றலின் அளவுக்கு அலகு கிலோவாட் மணி. குழாயிலிருந்து நீர் கொட்டும் வீதம் முன்னது, குடத்தில் சேர்ந்த நீர் பின்னது. விளம்பரங்களைப் படிப்போர் பலரும் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கொள்கிறார்கள். 230 வோல்ட் வீட்டிணைப்பில் 10 ஆம்பியர் எடுத்தால் கிடைப்பது 2.3 கிலோவாட். 32 ஆம்பியர் எடுக்கும் சுவர் மின்னேற்றி ஏறத்தாழ 7.4 கிலோவாட் தரும். வழியோர நிலையங்களில் உள்ள நேர்மின்னோட்ட (டிசி) மின்னேற்றிகள் பலவும் 50 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட் வரை செல்கின்றன. 40 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள மின்கலத்தை 20 சதவீத இருப்பிலிருந்து 80க்கு உயர்த்த 24 கிலோவாட் மணி வேண்டும். இழப்புகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால், வீட்டிணைப்பில் பத்தரை மணி நேரமும், சுவர் மின்னேற்றியில் மூன்றேகால் மணி நேரமும், 50 கிலோவாட் நிலையத்தில் அரை மணி நேரமும் ஆகும்.

கணக்கு இப்படிச் சொன்னாலும் நிலையத்தில் நடப்பது வேறு. 50 கிலோவாட் என்று எழுதியிருக்கும் மின்னேற்றியில் வண்டியைப் பொருத்திவிட்டுத் திரையைப் பார்த்து நிற்பவர், தொடக்கத்தில் பலகையில் உள்ள எண்ணுக்கு அருகில் இருக்கும் திறன், இருப்பு பாதியைத் தாண்டிய பிறகு மெல்லக் குறைவதையும், 80 சதவீதத்துக்கு மேல் வெகுவாகச் சுருங்கிவிடுவதையும் காண்பார். நிலையம் ஏமாற்றவில்லை. கலம் நிரம்ப நிரம்ப அயனிகள் ஒரு மின்வாயில் உள்ள கிராஃபைட்டுக்குள் இடம்பிடிப்பது கடினமாகிறது. அவற்றை வலிந்து தள்ளினால் உலோக லித்தியமாக மேற்பரப்பில் படிந்து கலத்தைக் கெடுக்கும். குளிர்ந்த கலத்தில் இந்த ஆபத்து இன்னும் மிகுதி. அதனால் எவ்வளவு திறனை ஏற்கலாம் என்பதை வண்டியே முடிவு செய்து மின்னேற்றிக்குச் சொல்கிறது. உச்சமாக 50 கிலோவாட்டை மட்டுமே ஏற்கும் வண்டியை 350 கிலோவாட் நிலையத்தில் நிறுத்தினாலும் அதற்குக் கிடைப்பது 50தான். பலகையில் உள்ள எண் நிலையத்தின் உச்சவரம்பு. அது ஓட்டுநருக்குத் தரப்பட்ட வாக்குறுதி அன்று.

கட்டணத்துக்கு வருவோம், ஏனெனில் சாதாரண ஓட்டுநரின் கவலை அங்கேதான் இருக்கிறது. பணம் கட்டுதல் என்ற வழக்கோடு இயைந்தது கட்டணம். கட்டுபடியாதல் என்ற தொடரிலும் அதே வினை இருக்கிறது. விரைவு மின்னேற்றத்தின் கட்டணம் வீட்டு மின்னேற்றத்தைவிடப் பொதுவாக மிகுதியாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. வீட்டில், மாறுதிசை மின்னோட்டத்தை (ஏசி) நேர்மின்னோட்டமாக மாற்றும் கருவி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. விரைவு நிலையத்திலோ அந்த வேலையைச் செய்யும் பெரிய கருவி வெளியே நிற்கிறது. அதற்கென மின்மாற்றியும் கனத்த வடங்களும் குளிரூட்டும் அமைப்பும் வேண்டும். பல மின்வழங்கு நிறுவனங்கள் பயன்படுத்திய ஆற்றலுக்கு மட்டுமன்றி, எட்டிய உச்சத் திறனுக்கும் தனியே கட்டணம் விதிப்பதால், நாளில் சில வண்டிகளே வரும் நிலையத்தில் அந்தச் சுமை ஒவ்வொருவர் தலையிலும் கனமாக விழுகிறது. சில இடங்களில் கட்டணம் கிலோவாட் மணிக்கு இவ்வளவு என்றில்லாமல் நிமிடத்துக்கு இவ்வளவு என்றிருக்கும். அங்கே, குறைந்த திறனை மட்டுமே ஏற்கும் மலிவு வண்டியை வைத்திருப்பவர் அதே அளவு ஆற்றலுக்கு விலையுயர்ந்த வண்டிக்காரரைவிட அதிகம் கட்ட நேர்கிறது. இது எனக்குச் சற்றும் நியாயமாகப் படவில்லை.

அன்றாட ஓட்டத்துக்கு இவ்வளவு விரைவு வேண்டுமா? 100 கிலோமீட்டருக்கு 15 கிலோவாட் மணி செலவாகும் வண்டியில் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் தேவை 6 கிலோவாட் மணி. இழப்பையும் சேர்த்தால் 2.3 கிலோவாட் வீட்டிணைப்பில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அது ஏறிவிடும். வண்டியோ இரவு முழுவதும் சும்மா நிற்கிறது. எனவே 'மெது மின்னேற்றம்' என்ற பெயர் மிக மலிவான, பெரும்பாலோருக்குப் போதுமான வழியைக் குறையுள்ளது போலக் காட்டிவிடுகிறது. வேகத்தை வைத்துப் பெயரிடாமல் வேளையை வைத்துப் பெயரிடலாம்: நிறுத்திய இடத்தில் ஏறுவது 'தங்கல் மின்னேற்றம்', பயணத்தின் நடுவே ஏற்றிக்கொள்வது 'வழி மின்னேற்றம்'. நேர்மின்னோட்ட இணைப்புக்கான ஜப்பானிய நெறிமுறையின் 'சாடெமோ' என்ற பெயர் இந்த வேளையை எண்ணியே அமைந்தது; அது 'தேநீராவது அருந்தலாமே' என்று பொருள்படும் ஜப்பானியத் தொடரை நினைவூட்டும்படி வைக்கப்பட்டது.

தங்கல் மின்னேற்றத்துக்குத் தனக்கென நிறுத்துமிடமும் அருகில் ஒரு மின்னிணைப்பும் வேண்டும். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கும் தெருவோரம் வண்டியை நிறுத்துபவருக்கும் அது இல்லை. மின்னேற்றம் கட்டுபடியாவதில்லை என்று அவர்கள் சொல்லும்போது, விரைவு போதவில்லை என்பது அவர்களின் குறை அன்று. இரவில் வண்டி நிற்கும் இடத்தில் 2 அல்லது 3 கிலோவாட் கிடைக்கவில்லை என்பதே குறை. வழி மின்னேற்றத்தை மட்டும் நம்பியிருக்கும் அவர்களுக்காவது நிலையத்தின் பலகை தெளிவாகப் பேச வேண்டும். 'ஃபாஸ்ட் சார்ஜிங்' என்ற இரண்டு சொற்களுக்குப் பதிலாக, மின்னேற்றத் திறன் இத்தனை கிலோவாட் வரை, கட்டணம் கிலோவாட் மணிக்கு இவ்வளவு, ஏறி முடிந்த பிறகும் வண்டியை எடுக்காவிட்டால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று மூன்று வரிகளில் அதை எழுதிவிட முடியும்.