பதிப்பாசிரியர் முன் பத்து நிமிடம்: வன்னியில் எழுதுபவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் எழுதுபவர்களுக்குக் குறைவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மடுப் பக்கம் என்று எங்கே போனாலும், ஆசிரியர், கிராம அலுவலர், தையல் வேலை செய்கிற அக்கா, முன்னாள் போராளி என்று யாரைக் கேட்டாலும், கொப்பியிலோ போனிலோ ஏதோ ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரதிகளைத் திருத்திச் செம்மைப்படுத்துவதும், அதை எழுதியவர் ஒரு பதிப்பாசிரியரையோ, எழுதுபவருக்காகப் பதிப்பகங்களோடு பேசும் இலக்கிய முகவரையோ சந்திக்கப் போகமுன் அவரோடு இருந்து பேசிப் பழக்குவதும் என் தொழில். இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பக் காண்கிற ஒன்று உண்டு. முன்னால் பதிப்பாசிரியர் வந்து இருந்ததும் எங்கள் ஆட்கள் தங்கள் புத்தகத்தை மறந்துவிட்டுத் தாங்கள் பட்டதைச் சொல்லத் தொடங்குகிறார்கள். இடம்பெயர்ந்தது, பங்கர், முகாம், இழந்தவர்களின் பெயர்கள். கேட்பவர் கண் கலங்குகிறார், கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறார், நேரம் முடிகிறது. நாவல் எதைப் பற்றியது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

முதலில் இந்தச் சந்திப்பு எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு எழுத்தாளர் மாநாடுகளில் இது பிட்ச் என்ற பெயரில் தனி நிகழ்ச்சியாகவே இருக்கும். ஒருவருக்குப் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து நிமிடம். மேசைக்கு அந்தப் பக்கம் முகவர் அல்லது பதிப்பாசிரியர், இந்தப் பக்கம் நீங்கள், மணி அடித்தால் அடுத்தவர். 2020க்குப் பிறகு இதில் நிறைய ஸூம் வழியாகவும் நடப்பதால் பரந்தனில் இருந்துகொண்டே லண்டன் முகவரோடு பேசலாம், விசாவும் விமானச் செலவும் இல்லை. நேரத்தை மட்டும் சரியாகக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கும் எங்களுக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் நாலரை. நியூயோர்க் என்றால் பத்தரை, கோடையில் ஒன்பதரை. நியூயோர்க்கில் பிற்பகல் என்றால் எங்களுக்கு நடுச்சாமம், ஆகவே அன்றைக்குப் பகலில் கொஞ்சம் படுத்தெழும்பி வையுங்கள்.

தமிழ்ப் பதிப்புலகில் முகவர் என்பவர் இன்னும் அரிதான ஆள். சென்னையிலோ கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நீங்கள் சந்திக்கப்போவது நேரடியாகப் பதிப்பாளரைத்தான், அதுவும் பெரும்பாலும் புத்தகக் கண்காட்சிக் கடையின் முன்னால் நின்றுகொண்டு. கொழும்பில் செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடப்பதும், சென்னையில் பொங்கலை ஒட்டி நடப்பதும் வாசகர்கள் புத்தகம் வாங்கும் கண்காட்சிகள். 2023இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி வேறு, அது மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பேசி மாற்றிக்கொள்ளும் இடம். இடம் எதுவானாலும் சொல்லவேண்டிய விஷயம் மாறாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன், ஆளைத் தெரியாதபடி ஊரையும் உறவுகளையும் மாற்றியிருக்கிறேன். ஒரு தங்கச்சி நாவல் எழுதியிருந்தா. அருமையான நாவல். "உங்கட கதை என்னம்மா?" என்று கேட்டால், "அது எங்கட சனத்தின்ர வலி, அக்கா. நாங்கள் பட்ட துன்பத்தை உலகம் அறிய வேணும்" என்பா. அது உண்மைதான், ஆனால் இந்த மண்ணிலிருந்து எழுதும் எல்லாருமே அதைத்தான் சொல்கிறார்கள் என்பதால், கேட்பவருக்கு இவவின் பிரதியை மட்டும் தனியாக எடுத்து வைக்க ஒரு காரணமும் கிடைப்பதில்லை. இருவரும் இருந்து பேசிப் பேசி, கடைசியில் இப்படி வந்தது: "2012, ஒட்டுசுட்டான். கணவர் காணாமல் போன ஒரு பெண். காணி அனுமதிப்பத்திரம் கணவர் பேரில் இருக்கிறது. தன் பேருக்கு மாற்றினால்தான் வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைக்கும், அதற்கு அவருடைய மரணச் சான்றிதழ் வேண்டும். அதை எடுத்தால் அவர் உயிரோடு இல்லை என்று தானே கையெழுத்து வைத்ததாக ஆகிவிடும். மகன் எப்படியும் வருவான் என்று நம்பும் மாமியார் அதே கொட்டிலில்தான் இருக்கிறா."

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். இதில் அழுகை என்ற சொல்லே இல்லை, ஆனால் கேட்டவுடன் "அவ என்ன செய்தா?" என்று கேட்கத் தோன்றுகிறது, அந்தக் கேள்வி வந்துவிட்டால் சந்திப்பு நடக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆள் யார், எங்கே, எப்போது, அவருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது என்ன. இவ்வளவும் வந்துவிட்டால் போர் தானாகவே அதற்குள் இருக்கும்.

நல்ல பதிப்பாசிரியர் உடனே குறுக்குக் கேள்வி கேட்பார். காணாமல் போனவர்களுக்கென்று தனிச் சான்றிதழ் வழங்கும் சட்டம் 2016இல் வந்ததே, இந்தப் பெண் ஏன் அதை எடுக்கவில்லை என்று விஷயம் தெரிந்தவர் கேட்கலாம். நாவல் நடப்பது 2012இல், அப்போது மரணச் சான்றிதழைத் தவிர வேறு வழி இல்லை என்று அந்தத் தங்கச்சி பதில் சொன்னா. "ஏன் நீங்கள் இதை எழுதினீர்கள்?" என்ற கேள்வியும் நிச்சயம் வரும். உங்கள் வாழ்க்கையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான், அங்கேயும் பிரதேச செயலகத்தில் காத்திருந்த அனுபவம், படிவங்கள், காணி அலுவலரின் கேள்விகள் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அடக்கிக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் துயரத்தை விலை பேசும் பொருளாக யார் முன்னாலும் வைக்கத் தேவையில்லை. அப்படி வைக்கச் சொல்லித் தூண்டுகிற, உடம்பில் உள்ள காயத்தைப் பற்றியும் முகாமில் நடந்ததைப் பற்றியும் மட்டுமே துருவித் துருவிக் கேட்கிற ஆளிடம் பிரதியைக் கொடுக்காமல் எழும்பி வந்தால்கூட ஒரு நட்டமும் இல்லை என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

நினைவுக் குறிப்பு எழுதுபவர்களுக்கு இன்னுமொன்று. உங்கள் பிரதியில் உயிரோடிருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா, புனர்வாழ்வு பெற்று வந்த தம்பி, முகாமில் கூட இருந்த பெண்பிள்ளை. அவர்களின் பெயர், கிராமம், குடும்ப விவரம் அச்சில் வந்தால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று சந்திப்புக்குப் போகமுன்னரே யோசித்திருக்க வேண்டும். முடிந்தவர்களிடம் நேரில் போய்ச் சம்மதம் கேளுங்கள், மற்றவர்களின் அடையாளத்தை மாற்றுங்கள். பொறுப்பான பதிப்பாசிரியர் இதைக் கட்டாயம் கேட்பார், அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் அவர்களோடு அதே ஒழுங்கையில்தான் நாளைக்கும் வாழப்போகிறீர்கள்.

எங்கள் புத்தக வழக்கங்கள் சில இந்தச் சந்திப்பில் உதவுவதில்லை. பேராசிரியரின் அணிந்துரை, அதிபரின் வாழ்த்துரை, பிரமுகரின் ஆசியுரை என்று கோப்பு நிறையக் கொண்டுபோகிறார்கள். அதை யாரும் படிக்கமாட்டார்கள். முந்நூறு பக்கத்தை ஸ்பைரல் போட்டுக் கையில் கொடுக்கவும் வேண்டாம், விமானத்தில் வந்தவர் அதைச் சுமந்துகொண்டு திரும்பமாட்டார். ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம் போதும். அந்தச் சுருக்கத்தில் முடிவும் இருக்க வேண்டும். முடிவைச் சொன்னால் சுவை போய்விடும் என்று பலர் மறைக்கிறார்கள். எதிரே இருப்பவர் வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்கப் போகிறவர், கதை எங்கே போய் நிற்கிறது என்று தெரியாமல் அவரால் முடிவெடுக்க முடியாது. நாவல் என்றால் எழுதி முடித்துவிட்டே போங்கள். பாதி எழுதிய முதல் நாவலை முகவர்கள் அநேகமாக எடுப்பதில்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். எங்கள் ஊரில் எழுதுபவரே செலவழித்து முந்நூறோ ஐந்நூறோ பிரதி அச்சடித்து, வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குபவர்கள் கவரில் வைத்துத் தரும் காசில் கடனை அடைப்பது வழமை. அதில் ஒரு தவறும் இல்லை, எத்தனையோ நல்ல புத்தகங்கள் அப்படித்தான் வந்தன. ஆனால் அந்தப் பழக்கத்தால், புத்தகம் போட யாராவது காசு கேட்டால் எங்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. மாநாட்டில் பெயரைப் பதிந்த கொஞ்ச நாளில் ஒரு மின்னஞ்சல் வரும். உங்கள் பிரதி எங்களை நெகிழ வைத்தது, உலகம் முழுக்கக் கொண்டுபோவோம், முதற்கட்டமாக இவ்வளவு டொலர் அனுப்புங்கள் என்று இருக்கும். அதை நம்பி நகையை அடகு வைத்த ஒருவரை எனக்குத் தெரியும், காசு போனபின் அந்த முகவரியிலிருந்து பதிலே வரவில்லை.

நேர்மையான முகவர் உங்களிடம் முன்பணம் வாங்கமாட்டார். பிரதியைப் படிக்கக் கட்டணம் கேட்கமாட்டார். பதிப்பகம் உங்களுக்குத் தரும் பணத்தில் தன் பங்கை எடுப்பார், ஆங்கிலப் பதிப்புலகில் அது பொதுவாக உள்நாட்டு விற்பனைக்கு 15 வீதம், வெளிநாட்டு உரிமைக்கும் மொழிபெயர்ப்புக்கும் 20 வீதம். நீங்கள் உழைத்தால்தான் அவருக்கும் உழைப்பு. மாநாட்டுக்காரர் சந்திப்பு நேரத்துக்கென்று பதிவுக் கட்டணம் வாங்குவது உண்டு, அது நிகழ்ச்சிச் செலவு. பணத்தைக் கட்டிவிட்டதால் முகவர் உங்களை எடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை, அப்படி உறுதி தருகிற நிகழ்ச்சியாக இருந்தால் பக்கமே போகாதீர்கள்.

உரிமை பற்றியும் பயமும் குழப்பமும் நிறைய. பிரதியைப் பதிவு செய்யாவிட்டால் களவு போய்விடும் என்று சொல்லி அதற்கும் காசு பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை, அது உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடம் நிற்கும். ஐ.எஸ்.பி.என். எண் என்பது உரிமைப் பத்திரம் இல்லை, அது புத்தகத்துக்கான அடையாள எண், இங்கே அதை வழங்குவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. நீங்கள் பயப்பட வேண்டியது கையெழுத்துக்குத்தான். "சகல உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்ற ஒரு வரியில் மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல், சினிமா எல்லாம் போய்விடும். எந்த மொழிக்கு, எந்த நாட்டுக்கு, எத்தனை வருடத்துக்கு, எத்தனை வீதம் என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபிக்கிற பதிப்பாளர் பிறகு கணக்குக் கேட்டாலும் கோபிப்பார்.

வெளிநாட்டு முகவருக்குத் தமிழ் தெரியாது. முழுவதையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை, முதலில் இருபது முப்பது பக்கம் நல்ல ஆங்கிலத்தில் இருந்தால் பேச்சைத் தொடங்கலாம். மொழிபெயர்ப்பவர் சொந்த மருமகளாக இருந்தாலும், எவ்வளவு காசு, யாருடைய பெயர் எங்கே வரும், பரிசோ முன்பணமோ வந்தால் எப்படிப் பங்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள், ஏனென்றால் மொழிபெயர்ப்பில் அவவுக்கும் உரிமை உண்டு. சொல் எண்ணிக்கையையும் கவனியுங்கள். நாங்கள் ஒரு சொல்லில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல் பிடிக்கும், தமிழில் 60,000 சொல் உள்ள நாவல் ஆங்கிலத்தில் நன்றாக நீண்டுவிடும். முகவர் எண்ணிக்கை கேட்டால் எந்த மொழிக் கணக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலேயே எழுதுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மைக்கேல் ஒண்டாட்ஜி 1992இல் நிறுவிய கிரேஷியன் பரிசுக்கு அச்சில் வராத பிரதியையும் அனுப்பலாம்.

அனுப்பச் சொல்லிக் கேட்டால் ஒரு கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள், எங்கே சந்தித்தோம் என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். அவர் கேட்ட அளவு மட்டும். மூன்று அத்தியாயம் கேட்டவருக்கு மூன்று அத்தியாயம். சென்னைக்கு அனுப்புபவர்கள் எழுத்துருவைப் பாருங்கள், எங்கள் ரைப்செட்டிங் கடைகளில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடித்துத் தருகிறார்கள், அது அங்கே திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றியபின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே ஒருமுறை வாசியுங்கள், மாற்றும்போது மேற்கோள் குறிகளும் கொம்பெழுத்துகளும் இடம் மாறிவிடுவது சாதாரணம். வாட்ஸ்அப் குழுவில் முழுப் பிரதியையும் பி.டி.எஃப். ஆகப் போட்டு "கருத்துச் சொல்லுங்கோ" என்று கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், அது எங்கே எல்லாம் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. மூன்று மாதம் வரை பதில் வராமல் இருப்பது இந்தத் தொழிலில் வழமைதான். அதற்குப் பிறகும் வராவிட்டால் மரியாதையாக இரண்டு வரி எழுதிக் கேளுங்கள், அதே வேளையில் அடுத்தவருக்கும் அனுப்புங்கள், அனுப்பியிருக்கிறேன் என்பதை இருவருக்கும் சொல்லிவிட்டு.