ஏஐ எழுதியதா என்று மென்பொருள் எப்படிச் சொல்கிறது?

கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "கட்டுரையை நானேதான் எழுதினேன். ஆனால் ஏஐ எழுதியது என்று மென்பொருள் சொல்கிறது. அதற்கு எப்படித் தெரியும்?" அதற்குத் தெரியாது என்பதுதான் பதில். அது ஊகிக்கிறது. எதை வைத்து ஊகிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் அடுத்து வரக்கூடிய சொற்களுக்கு நிகழ்தகவு போட்டு, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து எழுதுகின்றன. இது தெரிந்த கதை. கண்டறியும் மென்பொருள்கள் பலவும் இதே கணக்கை, எழுதி முடித்த கட்டுரையின் மேல் ஓட்டிப் பார்க்கின்றன. 'நேற்று இரவு நல்ல' என்று படித்ததும் 'மழை' என்று மனம் முந்திக்கொள்ளும். 'தூக்கம்' என்றாலும் சரி. 'வாக்குவாதம்' என்று வந்தால் கொஞ்சம் வியப்போம். அந்த வியப்பை எண்ணாக்க முடியும். ஒவ்வொரு சொல்லுக்கும் மாதிரி கொடுக்கும் நிகழ்தகவின் மடக்கையை எடுத்து, சராசரி கண்டு, குறியை மாற்றி, மறுபடி சாதாரண எண்ணாக்கினால் கிடைப்பது பெர்ப்ளெக்சிட்டி. அது 4 என்றால், சராசரியாக ஒவ்வோர் இடத்திலும் சமவாய்ப்புள்ள 4 சொற்களில் எது வரும் என்று தெரியாத நிலையில் மாதிரி இருந்தது என்று பொருள். 40 என்றால் 40 சொற்கள். ஒரு முழுக் கட்டுரை தந்த வியப்பும் ஒரே எண்ணில் வந்துவிடுகிறது! எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

இதன் வேர் பழையது. 1951-இல், தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் ஆங்கிலப் பத்திகளை மறைத்துவைத்து, அடுத்த எழுத்து என்ன என்று ஆட்களை ஊகிக்கச் சொன்னார். 26 எழுத்துகளும் சமவாய்ப்போடு வந்தால் ஓர் எழுத்துக்கு 4.7 பிட் தகவல் இருக்க வேண்டும் (சமவாய்ப்புள்ள ஆம்-இல்லை கேள்வி ஒன்றின் விடை 1 பிட்). முன்னால் வந்த எழுத்துகள் போதிய அளவு தெரிந்திருந்தால் அது ஏறக்குறைய 1 பிட்டாகச் சுருங்கிவிடுகிறது என்று அவர் கண்டார். அதாவது, மனிதர்கள் எழுதுவதிலேயே பெரும்பகுதி எளிதில் ஊகிக்கக்கூடியது.

பெர்ப்ளெக்சிட்டி குறைந்தால் 'இயந்திரம்' என்று தீர்ப்பெழுதுவதன் கோளாறு இங்கேதான். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர் பழகிய சொற்களில், பாதுகாப்பான வாக்கியங்களில் எழுதுவார். அதுவும் இந்த எண்ணைக் குறைக்கும். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை 7 மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேல் ஏஐ எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளுக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் வரவில்லை. அதே டோஃபல் கட்டுரைகளின் சொற்களை சாட்ஜிபிடியைக் கொண்டே மெருகேற்றியபோது குற்றச்சாட்டு வெகுவாகக் குறைந்தது. சொந்தமாக எழுதியவர் மாட்டிக்கொள்கிறார், ஏஐயின் உதவியை வாங்கியவர் தப்பிக்கிறார். இதை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

சரி, பிழை 1 விழுக்காடுதான் என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023-இல் ஒரு கணக்குப் போட்டது. முந்தைய ஆண்டில் டர்னிட்டின் என்ற கட்டுரை சோதிக்கும் மென்பொருளில் அவர்கள் சோதித்தவை 75,000 கட்டுரைகள். 1 விழுக்காடு என்றாலே 750 கட்டுரைகள்மேல் பொய்ப் பழி விழுந்திருக்கும். அந்தக் கண்டறியும் வசதியை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமும் அதே ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றது.

காப்பியடித்ததாகச் சொல்லும் அறிக்கை மூலப் பத்தியைக் காட்டும். மாணவர் ஒப்பிட்டுப் பார்த்து மறுக்கலாம். ஏஐ அறிக்கையில் அப்படிக் காட்ட மூலம் எதுவும் இல்லை, பெரும்பாலும் 'இத்தனை விழுக்காடு ஏஐ' என்ற ஓர் எண்தான். அதை வைத்து ஒருவரின் பட்டத்தில் கை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மென்பொருள் உரிமங்களுக்குக் கொட்டும் பணத்தில் கூடுதல் ஆசிரியர்களை அமர்த்தலாம். மாணவரை உட்காரவைத்து, கட்டுரையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாலே நிறையத் தெரிந்துவிடும்.

நம்பிக்கை தரும் வேறொரு வழி நீர்க்குறி. மாதிரி எழுதும்போதே, முந்தைய சொல்லை வைத்துச் சொற்களஞ்சியத்தை ரகசியமாக இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிப் பக்கம் லேசாகச் சாயும். மனிதர் எழுதினால் அவர் சொற்களில் ஏறக்குறைய 50 விழுக்காடு அந்தப் பாதியிலிருந்து வரும். 200 சொற்களில் 150 வந்தால் தற்செயல் என்று சொல்லவே முடியாது. கூகுள் டீப்மைண்ட் தன் சிந்த்ஐடி என்ற நீர்க்குறி முறையை 2024-இல் நேச்சர் இதழில் விளக்கியது. ஆனால் முழுவதையும் வேறு சொற்களில் மாற்றி எழுதினால் குறி மங்கிவிடும். சொந்தக் கணினியில் ஓட்டக்கூடிய திறந்த மாதிரிகளில், குறியை வைக்காமலே ஓட்டிக்கொள்ளலாம்.