தின்பது வயலில், எச்சம் கண்மாயில்: ஓர் உரக் கணக்கு

தை மாதம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் போனால் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க் கரையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அதுதான், 1977இல் அறிவித்தார்கள். பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற ஊர். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை வெள்ளை அடித்தது போல எச்சம் வழிந்திருக்கும், வாடையும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், விஷயமே அந்த வெள்ளையில்தான் இருக்கிறது.

அந்த வெள்ளை பறவையின் சிறுநீர். நாம் கழிவு நைட்ரஜனை யூரியாவாக்கித் தண்ணீரில் கரைத்து வெளியே விடுகிறோம். பறவைக்கு அவ்வளவு தண்ணீரைச் சுமந்துகொண்டு பறக்கக் கட்டுப்படியாகாது, அதனால் யூரிக் அமிலமாக்கிப் பசை மாதிரி போட்டுவிடுகிறது. கடையில் வாங்குகிற யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்று மூட்டையிலேயே போட்டிருக்கும். யூரிக் அமிலத்தில் எடைக்கு 33 சதவீதம். நுண்ணுயிரிகள் இதை அம்மோனியாவாக உடைத்து, பிறகு நைட்ரேட்டாக மாற்றுகின்றன. கரையில் நிற்கும்போது மூக்கில் ஏறுகிற நெடி அந்த அம்மோனியாதான், அதாவது நைட்ரஜனில் ஒரு பங்கு அப்போதே காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது.

எச்சத்தில் இருக்கிற இன்னொரு சத்தான பாஸ்பரஸ் அப்படிக் காற்றில் போகாது. நாரையின் வயிற்று அமிலம் மீன் முள்ளையே கரைத்துவிடும், முள்ளில் இருக்கிற கால்சியம் பாஸ்பேட் எச்சத்தோடு தண்ணீரில் விழுந்து, பெரும்பங்கு அடிச் சேற்றில் போய்ச் சேரும்.

சரி, பறவை வந்தாலே கண்மாயில் சத்து கூடிவிடுமா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் பறவை எங்கே தின்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கணக்கே மாறுகிறது. நத்தை குத்தி நாரை பகலெல்லாம் சுற்றுவட்டார நெல் வயல்களில் நத்தை பொறுக்கிவிட்டுக் கூட்டுக்கு வருகிறது, உண்ணிக்கொக்கு மாட்டின் காலடியில் வெட்டுக்கிளி பிடித்துவிட்டு இரவு தங்க வருகிறது. இவை வெளியே இருக்கிற சத்தைக் கண்மாய்க்குள் கொண்டுவந்து கொட்டுகிறவை. முக்குளிப்பான் அதே கண்மாய்த் தண்ணீரில் மீன் பிடித்து அங்கேயே எச்சமிடுகிறது, புதிதாக எதுவும் சேர்வதில்லை, இருந்த சத்துதான் சுற்றி வருகிறது. மீனின் உடம்பில் அடைபட்டிருந்தது சீக்கிரம் பாசிக்குக் கிடைக்கிற வடிவத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

கடலோர ஏரிகளிலும் இதே கணக்குத்தான். கடலில் மீன் பிடித்துவிட்டு ஏரித் திட்டில் வந்து உட்காருகிற ஆலாக்களும் கடற்காகங்களும் சத்தை உள்ளே கொண்டுவருகின்றன. கோடியக்கரை, பழவேற்காடு பக்கம் வருகிற பூநாரை அங்கேயே தின்கிறது, ஆனால் காலால் சேற்றைக் கிளறி அடியில் கிடந்த சத்தை மேலே எழுப்பிவிடுகிறது. ஒரு பெரிய வித்தியாசம் உப்பு. நன்னீர்க் கண்மாய்ச் சேற்றில் இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடல் நீரில் சல்பேட் அதிகம். காற்றில்லாத சேற்றில் அது சல்பைடாகி இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் பாஸ்பரஸ் சுலபமாக நழுவித் தண்ணீருக்கு வந்துவிடுகிறது. அப்புறம் அங்கே பாசி வளர்ச்சிக்குப் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது நைட்ரஜன், நன்னீரில் பாஸ்பரஸ்.

பாசிக்குச் சராசரியாக 16 நைட்ரஜன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் அணு வேண்டும். அம்மோனியா பறந்துபோன எச்சத்தில் பாஸ்பரஸ் விகிதம் தூக்கலாகிவிடுவதால், காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளத் தெரிந்த நீலப்பச்சைப் பாசிக்குக் கொண்டாட்டம். தண்ணீர் குறையக் குறைய அது திக்காகும். இரவில் உயிர்வளி இறங்கி, விடியும்போது மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். குடிக்கிற ஊருணிக்குப் பறவைக் கூட்டம் ஆகாது என்பது இதனால்தான். பாய்ச்சல் கண்மாய் வேறு, அங்கே இதே தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போய் உரமாகிறது. வேடந்தாங்கல் விவசாயிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவே வாங்கிவிட்டார்கள்.

சேற்றில் தங்கியது என்ன ஆகும்? கோடையில் கண்மாய் வற்றினால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே, அந்தக் கரம்பை மண்ணில் இருக்கும். கையில் எடுத்து உடைத்தால் கருத்து, மாவு போல உதிரும். நம் பக்கத்துச் செம்மண் புஞ்சைக்கு இதைவிட நல்ல மண் கிடைப்பது கடினம், பறவை தங்குகிற கண்மாய் என்றால் இன்னும் விசேஷம். முன்பு மாட்டு வண்டியில் அடித்தார்கள், இப்போது அனுமதி வாங்கி டிராக்டரில் அடிக்கிறார்கள். வயலில் நத்தையாகவும் வெட்டுக்கிளியாகவும் இருந்த பாஸ்பரஸ் நாரை வயிற்றில் ஏறிக் கண்மாய்க்கு வந்து, கரம்பையாக மறுபடி நிலத்துக்கே போகிறது. அள்ளாமல் விட்டால் அங்கேயே கிடந்து, ஐப்பசி மழையில் காய்ந்த சேறு நனைந்ததும் ஒரு பங்கு கரைந்து மேலே வரும், தண்ணீர் பச்சை கட்டும்.