லோனுக்கு விண்ணப்பித்தால் சிபில் ஸ்கோர் குறையுமா? எவ்வளவு, எத்தனை நாளைக்கு?

போன வருஷம் டூவீலர் பார்க்க ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். லோன் போட்டால் மாதம் எவ்வளவு வரும் என்று கேட்டேன், அவ்வளவுதான். "ஒரு நிமிஷம் சார், எலிஜிபிலிட்டி மட்டும் பார்த்துடலாம்" என்று அங்கிருந்த தம்பி பான் கார்டை வாங்கிக்கொண்டார், ஒரு படிவத்தில் மூன்று இடத்தில் கையெழுத்து, அப்புறம் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைக் கேட்டார், நானும் சொல்லித் தொலைத்தேன். வண்டியை அன்றைக்கு எடுக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து என் கடன் ரிப்போர்ட்டைத் திறந்தால், என்கொயரி பகுதியில் ஒரே தேதியில் நான்கு வரிகள். நான்கும் வெவ்வேறு நிதி நிறுவனங்கள், நான்கிலும் டூவீலர் லோன், நான்கிலும் ஒரே தொகை.

அந்த வரி என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ லோனோ கிரெடிட் கார்டோ கேட்டால், அவர்கள் உங்கள் கடன் ஜாதகத்தை, அதாவது அந்த ரிப்போர்ட்டை, வரவழைத்துப் பார்ப்பார்கள். ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு அந்த ஜாதகத்தை வைத்திருப்பவை நான்கு கடன் தகவல் நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். பேச்சில் எல்லாமே நமக்கு சிபில்தான், நகல் எடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆன மாதிரி. யார் பார்த்தார்கள், எந்தத் தேதியில், எந்த வகைக் கடனுக்கு, எவ்வளவு தொகைக்கு என்பது அங்கே பதிவாகிவிடும். இந்தப் பதிவுக்குத்தான் என்கொயரி என்று பெயர். லோன் கிடைத்ததா இல்லையா என்பதெல்லாம் இதற்குத் தெரியாது, கேட்டதே பதிவு. நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்த்தால் அது இந்தக் கணக்கில் சேராது, தினம் மூன்று வேளை பார்த்தாலும் ஒரு புள்ளி குறையாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், பார்த்தால் குறைந்துவிடும் என்று பயந்து பார்க்காமலே இருந்து, வீட்டு லோன் கேட்கிற அன்றைக்குத்தான் தன் பெயரில் யாரோ ஒருவருடைய பாக்கி ஏறியிருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, எவ்வளவு குறையும்? ஸ்கோர் 300 முதல் 900 வரை. நான்கு நிறுவனங்களும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கின்றன, அதனால் இத்தனை புள்ளி என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரே ஒரு என்கொயரியால் விழுவது பொதுவாகச் சில புள்ளிகள்தான், ஒரு தவணை தவறினால் விழும் அடியோடு ஒப்பிட்டால் அது வெறும் கீறல். அந்தக் கீறலும் நாளாக ஆக மங்கிவிடும், ஆறு மாதத்துக்கு முந்தைய என்கொயரியைப் போன வாரத்து என்கொயரி அளவுக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடன் தேவைப்படுகிறவர் கேட்கத்தான் செய்வார், அதில் தப்பு ஒன்றும் இல்லை. சிக்கல் எப்போது என்றால், ஒரே வாரத்தில் ஐந்தாறு இடத்தில் கேட்கும்போது. பார்க்கிற வங்கிக்காரருக்கு, இவருக்கு ஏதோ பணமுடை, எல்லோரும் கைவிரிக்கிறார்கள் போல, என்றுதான் தோன்றும்.

பெரும்பாலும் நடப்பதும் இதுதான். ஒரு இடத்தில் நிராகரித்துவிடுவார்கள், பதற்றத்தில் அன்று இரவே போனில் இரண்டு லோன் ஆப்பில் விண்ணப்பிப்பார், அதுவும் போகும், காலையில் இன்னொரு வங்கி. முதல் நிராகரிப்புக்குக் காரணம் என்றைக்கோ மூடிய கார்டில் நின்றுபோன ஒரு சின்ன பாக்கியாக இருக்கும், அதைச் சரிசெய்யாமல் எங்கே போனாலும் அதே பதில்தான் வரும், வழியில் என்கொயரிகள் மட்டும் ஏறிக்கொண்டே போகும். என்னைக் கேட்டால், ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் ரிப்போர்ட்டை எடுத்து வரிவரியாகப் படிக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், பிரிவு 21-இல் இதற்கு வழி வைத்திருக்கிறது: விண்ணப்பித்தவர் கேட்டால், அந்த வங்கி தான் வாங்கிப் பார்த்த கடன் தகவலின் பிரதியைக் கட்டணம் பெற்றுக்கொண்டு கொடுக்க வேண்டும். கவுண்டரில் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், எழுத்தில் கேளுங்கள்.

லோன் கிடைத்துவிட்டால் கதை வேறு மாதிரி போகும். முதல் சில மாதங்களில் ஸ்கோர் கொஞ்சம் இறங்கியே நிற்கலாம், அதற்கு என்கொயரி மட்டும் காரணம் இல்லை. உங்களிடம் 8 வருஷப் பழைய கார்டு ஒன்று இருக்கிறது, இன்றைக்குப் புதிதாக ஒன்று வாங்குகிறீர்கள் என்றால், உங்கள் கணக்குகளின் சராசரி வயது ஒரே நாளில் 8-இலிருந்து 4 ஆகிவிடுகிறது. கடன் பாக்கியும் புதிதாக ஏறியிருக்கும். அப்புறம் மாதாமாதம் தேதி தவறாமல் இ.எம்.ஐ. போகப் போக, ஒவ்வொரு மாதமும் ஒரு நல்ல பதிவு சேர்கிறது, அரை வருஷம், ஒரு வருஷம் ஆகும்போது அந்த நல்ல பதிவுகள் ஆரம்பத்து இறக்கத்தை ஈடுகட்டி, பலருக்கு முன்பிருந்ததைவிட ஸ்கோர் மேலேயே போய்விடும்.

புது கார்டு ஸ்கோரை ஏற்றிவிடவும் செய்யும், இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய் லிமிட் உள்ள கார்டில் மாதம் 30,000 செலவு செய்தால் 60 சதவீதம் பயன்படுத்துகிறீர்கள், ஸ்கோர் கணக்கில் அது அதிகம். 70,000 லிமிட்டில் இன்னொரு கார்டு வந்தால் மொத்த லிமிட் 1,20,000, அதே 30,000 இப்போது 25 சதவீதம்தான். செலவை ஏற்றாமல் இருந்தால் மட்டுமே இது நடக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் புது கார்டு வந்ததும் புது டி.வி.யும் வந்துவிடுவதுதான் உலக வழக்கம்.

ஒரு எச்சரிக்கை. 45 நாளுக்குள் எத்தனை இடத்தில் விண்ணப்பித்தாலும் ஒரே என்கொயரியாகத்தான் எண்ணுவார்கள் என்று வீடியோக்களில் சொல்வார்கள். அது அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோருக்கு உரிய விதி, அங்கேயும் வீடு, கார், கல்விக் கடன்களுக்குத்தான், கார்டுக்குக் கிடையாது. அதை நம்பி இங்கே பத்து இடத்தில் ஓ.டி.பி. கொடுத்துவிட்டு வராதீர்கள். வட்டியை ஒப்பிட வேண்டுமென்றால் வங்கிகளின் தளத்திலேயே வட்டி விகிதம் இருக்கிறது, கிளையில் வாயால் கேட்டாலும் சொல்வார்கள், விண்ணப்பமாக ஆக்காமல் எவ்வளவு வேண்டுமானாலும் ஒப்பிடலாம்.

இனி உங்கள் உரிமைகள். நான்கு நிறுவனங்களும் ஒவ்வொரு காலண்டர் வருஷத்திலும் ஒருமுறை ஸ்கோரோடு கூடிய முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், 2016 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருஷம் முழுக்கக் காசில்லாமல் கண்காணிக்கலாம். 2023 அக்டோபர் 26 அன்று வந்த சுற்றறிக்கை இன்னும் பயனுள்ளது: வங்கியோ நிதி நிறுவனமோ உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் வர வேண்டும். பழைய போன் நம்பர் பதிவாகியிருந்தால் அது வேறு யாருக்கோ போகும், அதை முதலில் மாற்றுங்கள். 2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவலைப் புதுப்பித்து அனுப்ப வேண்டும், அதனால் கடனை அடைத்துவிட்டு ரிப்போர்ட்டில் அது ஏறுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை இல்லை.

தப்பான பதிவு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதில் முதல் 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்புவது வங்கியின் பொறுப்பு, தாமதித்தால் பணம் அவர்களிடமிருந்து, அவர்கள் அனுப்பியும் ரிப்போர்ட்டில் ஏறவில்லை என்றால் கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து. ஆனால் ஸ்கோரைக் கணக்கிட்ட விதம் சரியில்லை என்றோ, லோன் தரவில்லை என்றோ இதில் கேட்க முடியாது, பதிவில் உள்ள தகவல் தப்பென்றால் மட்டும்தான். 30 நாள் கடந்தும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. விவரம் கேட்க 14448.

இதுவரை கடனே வாங்காதவர்கள் ஸ்கோர் இல்லையே என்று தயங்க வேண்டாம். முதல் முறை கடன் கேட்பவரை, முன்வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வருமானத்தையும் மற்றதையும் பார்த்துத் தரலாம், தராமலும் போகலாம், அது அவர்கள் முடிவு.

என் நான்கு வரிகளுக்கும் புகார் கொடுத்துப் பார்த்தேன். படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கியபோதுதான் அந்த மூன்று கையெழுத்துகளும் எதற்கென்று புரிந்தது, மூன்று நிறுவனங்களுக்கும் நானே சம்மதம் கொடுத்திருக்கிறேன். நான்காவது நிறுவனத்துக்கு எந்தத் தாளும் இல்லை, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தார்கள், மற்ற மூன்றும் என் ரிப்போர்ட்டில் அப்படியே நிற்கின்றன.