ரவுட்டருக்கே யாரு அட்ரஸ் குடுக்குறா?

ஃபோனு, லேப்டாப்பு, டிவின்னு எல்லாத்துக்கும் ஐபி அட்ரஸ் குடுக்குறது ரவுட்டர்தான்னு தெரியும், ஆனா அந்த ரவுட்டருக்கு யாரு குடுக்குறா? உள்பக்கம் அது அட்ரஸ் குடுக்குற சர்வர், பின்னாடி வான் (WAN) போர்ட், அதாவது வெளி இன்டர்நெட் கேபிள் சொருகுற பக்கம் பாத்தா அதே ஆளு இன்னொருத்தர்கிட்ட, பொதுவா இன்டர்நெட் கம்பெனியோட சர்வர்கிட்ட, அட்ரஸ் கேட்டு நிக்குற கிளையன்ட். ரெண்டு வேலைக்கும் பேரு டிஹெச்சிபிதான் (DHCP), அட்ரஸ தானா கேட்டு வாங்குற, குடுக்குற முறை.

சிஸ்கோ கம்பெனி ரவுட்டர்னா இப்படி கேக்க வெக்க ரெண்டே வரி கமாண்டு. இன்டர்ஃபேஸுக்குள்ள, அதாவது அந்த போர்ட்டோட செட்டிங்ஸுக்குள்ள போயி 'ஐபி அட்ரஸ் டிஹெச்சிபி', அப்பறம் 'நோ ஷட்டவுன்'. இந்த ரெண்டாவது வரிய மறந்துட்டு ஒருநாள் அரை மணி நேரம் கேபிள மாத்தி மாத்தி சொருகிட்டு இருந்திருக்கேன், கடைசில 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்' போட்டா அட்ரஸ் எடத்துல 'அன்அசைண்டு', பக்கத்துலயே 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்'னு தெளிவா எழுதிருக்கு. போர்ட்டே மூடிக் கெடக்கு, அட்ரஸ் எப்படி வரும்.

சரி, போர்ட்ட தொறந்தாச்சு. இப்பதான் எனக்கு ரொம்பப் புடிச்ச எடம். கையில அட்ரஸே இல்லாத ஒருத்தன் எப்படி லெட்டர் போடுவான்? அனுப்புறவர் எடத்துல 0.0.0.0, பெறுபவர் எடத்துல 255.255.255.255ன்னு போட்டு, அதாவது 'நான் யாருமில்ல, நீங்க எல்லாரும் கேளுங்க'ன்னு ஒரு கத்து கத்துது. இதுதான் டிஸ்கவர்ங்கற மெசேஜ், யுடிபி போர்ட் நம்பர் 68ல கெளம்பி 67க்கு போகும். சர்வர் பதில் சொல்றப்ப இது யாருக்குன்னு எப்படி தெரியும்னா, உள்ள ரவுட்டரோட மேக் அட்ரஸும் (அந்த போர்ட்டுக்கே உரிய ஹார்ட்வேர் நம்பர்), அந்த நேரத்துக்குன்னு சும்மா பொறுக்கிப் போட்ட 32 பிட் டோக்கன் நம்பரும் இருக்கும், பதில்லயும் அதே நம்பர் வந்தாதான் ரவுட்டர் எடுத்துக்கும்.

சர்வர் 'இந்த அட்ரஸ் வேணுமா'ன்னு ஆஃபர் அனுப்பும், ரவுட்டர் 'வேணும்'னு ரிக்வெஸ்ட் அனுப்பும். சர்வர் யாருன்னு தெரிஞ்சப்பறமும் இந்த ரிக்வெஸ்ட்ட ஏன் மறுபடி எல்லாருக்கும் கத்தணும்? ஏன்னா ஆஃபர் குடுத்தது ஒரு சர்வராதான் இருக்கணும்னு இல்லையே, நாலு பேரு எடுத்து வெச்சிருந்தா, நான் இவர்கிட்ட வாங்கிக்கிட்டேன்னு மத்தவங்களுக்கும் காதுல விழுந்தாதான் அவங்க தங்களோடத திருப்பி எடுத்து வெப்பாங்க. கடைசியா சர்வர்கிட்டருந்து ஏசிகே (ACK), அதாவது 'சரி, உனக்குத்தான்'ங்கற பதில், அதோட சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் வந்துரும். 1985ல வந்த பூட்பின்னு (BOOTP) இதே வேலைக்கான பழைய முறையோட அதே பாக்கெட் வடிவத்த, அதே போர்ட்டதான் டிஹெச்சிபி இன்னமும் ஓட்டிட்டு இருக்கு, இப்ப பொழங்குற விதிமுறை 1997ல வந்த ஆர்எஃப்சி 2131.

ஆனா கெடச்ச அட்ரஸ் சொந்தம் கெடையாது, லீசு. லீசு 24 மணி நேரம்னு வெச்சுக்கோங்க, வழக்கமா பாதி, அதாவது 12 மணி நேரம் ஆனதுமே ரவுட்டர் பழைய சர்வர்கிட்ட நேராப் போயி 'நீட்டிச்சுக் குடுங்க'ன்னு கேக்கும். பதில் இல்லன்னா 87.5 சதவீதத்துல, 21ஆவது மணி நேரத்துல, யாராவது குடுங்கப்பான்னு மறுபடி எல்லாருக்கும் கத்தும். 24 முடிஞ்சும் ஒண்ணும் வரலன்னா அந்த அட்ரஸ விட்டுட்டு முதல்லருந்து டிஸ்கவர். சர்வர் கொஞ்ச நேரம் படுத்தாலும் நெட் உடனே போகாததுக்கு இதான் காரணம்.

சிஸ்கோல இன்னொரு விஷயம், டிஹெச்சிபி வழியா வந்த டீஃபால்ட் ரூட்டுக்கு (வேற வழி தெரியாத பாக்கெட்டெல்லாம் போற வழி) டிஸ்டன்ஸ் 254, இந்த நம்பர் எதுக்குக் கம்மியோ அந்த வழிதான் ஜெயிக்கும். கையால எழுதுன ஸ்டாட்டிக் ரூட்டுக்கு 1, அதனால அப்படி பழைய டீஃபால்ட் ரூட் ஒண்ணு கெடந்தா அதான் ஜெயிக்கும், அட்ரஸ் வந்தும் நெட் வராம முழிப்போம்.

எல்லாம் சரியா இருந்தும் சண்டை வர்ற எடம் ஒண்ணு இருக்கு. மேல இருக்குற மோடமே ரவுட்டர் வேலையும் பாத்து 192.168.1ன்னு ஆரம்பிக்கிற அட்ரஸ் குடுக்குது, நம்ம ரவுட்டரோட உள்பக்கமும் அதே 192.168.1. ரெண்டு பக்கமும் ஒரே தெரு பேரு, பாக்கெட்ட எந்தப் பக்கம் தள்ளுறதுன்னு ரவுட்டருக்குப் புரியாது, சிஸ்கோன்னா ஓவர்லாப்னு சொல்லி ஏத்துக்கவே மாட்டேங்கும். உள்பக்கத்த 192.168.50ன்னு மாத்திட்டு, ஃபோன் லேப்டாப்ப ஒருவாட்டி டிஸ்கனெக்ட் பண்ணி கனெக்ட் பண்ணா போதும், அதுங்களும் புதுசா டிஸ்கவர் போட்டு 50ல ஒண்ணு வாங்கிக்கும்.