யாரும் இறைக்காத ஏரி

நீர்வளப் பொறியாளன் என்று தெரிந்ததும் பலர் கேட்பது, "ஆரல் கடல் தண்ணீரை எல்லாம் யார் இறைத்தார்கள்?" என்றுதான். யாரும் இறைக்கவில்லை. கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே கிடக்கும் அந்த உப்பேரிக்கு வர வேண்டிய தண்ணீரை வழியிலேயே மறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வெளியேற வழியில்லாத ஏரிக்குக் கணக்கு எளிது. அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகள் கொண்டுவந்து கொட்டும். வெயில் எடுத்துக்கொண்டு போகும். அங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் ஆவியாகும். மழையோ 100 மில்லிமீட்டர் அளவுதான். மீதியை ஆறுகள்தான் ஈடுகட்ட வேண்டும். 1960 வரை ஈடுகட்டின. அப்போது பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர், உலக ஏரிகளில் நாலாவது இடம்.

சோவியத் திட்டக்காரர்களுக்கோ, பாலைவனத்தில் போய் ஆவியாகிற தண்ணீர் வீண். பருத்திக்குத் திருப்பினால் காசு. ஏரி சுருங்கும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். அமு தாரியாவிலிருந்து தண்ணீர் எடுக்க 1954இல் வெட்டத் தொடங்கிய கரகும் கால்வாய் 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. பெரும்பகுதி வெறும் மண் வாய்க்கால். மணலில் கசிந்தது போக மிச்சம்தான் வயலுக்கு.

அதிகம் பேசப்படாத சங்கதி ஒன்று உண்டு: உவர். வடிகால் சரியில்லாத நிலத்தில் பாய்ச்சப் பாய்ச்ச நிலத்தடி நீர் மேலேறும், கூடவே உப்பும் ஏறும். விதை முளைக்க வேண்டுமானால் விதைப்புக்கு முன்பே வயலில் தண்ணீர் கட்டி உப்பைக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் நிலத்தடி நீரை மறுபடி உயர்த்தும். அப்புறம் அடுத்த வருடமும் கழுவ வேண்டும். அமு தாரியாவின் கடைமடையில் இன்றைக்கும் குளிர்காலக் கடைசியில் வயல்கள் இப்படித் தண்ணீரில் நிற்கின்றன. பயிரே இல்லாத வயலுக்குப் பாசனம்! விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு வேறு வழி கிடையாது. வடிந்த தண்ணீரில் ஒரு பெரும்பங்கு ஆரலுக்குத் திரும்பவும் இல்லை. சாரிகமிஷ் பள்ளத்தில் போய்த் தேங்கி, அங்கே தனியாக ஓர் ஏரியே உண்டாகிவிட்டது.

ஆரலில் லிட்டருக்கு 10 கிராமாக இருந்த உப்பு, அதன் தெற்குப் பகுதியில் 100 கிராமைத் தாண்டியது. மீன்பிடித் தொழில் 1980களின் தொடக்கத்தில் நின்றது. துறைமுகமாக இருந்த மொய்னாக்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் ஏரித் தண்ணீரைப் பார்க்கலாம். காய்ந்த படுகையிலிருந்து கிளம்பும் புழுதியில் உப்போடு பழைய பூச்சிமருந்தும் கலந்திருக்கிறது.

2005இல் வடக்குத் துண்டைப் பிரித்து கோக்-ஆரல் அணை கட்டினார்கள், நீளம் சுமார் 13 கிலோமீட்டர். எதிர்பார்த்ததைவிட வேகமாக நீர்மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது, மீனும் திரும்பியது. நல்ல வேலை என்றே சொல்வேன். ஆனால் அது சிறு துண்டு. பெரிய துண்டான தெற்கில், கிழக்குப் பக்கம் 2014இல் முழுக்கக் காய்ந்தே போனது.

சரி, சொட்டுநீரும் சிமென்ட் வாய்க்காலும் போட்டால் தீருமா? தேவைதான். ஆனால் மிச்சம் பிடித்த தண்ணீரில் இன்னும் கொஞ்சம் நிலத்தைச் சேர்த்துப் பயிரிட்டால் ஆற்றில் தண்ணீர் கூடப்போவதில்லை. கசிவாக ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும். பாசனச் சீரமைப்பு அறிக்கைகளில் வயலில் இத்தனை சதவீதம் சேமிப்பு என்று எழுதுவார்கள். ஏரிக்கு முந்தைய கடைசி அளவீட்டு நிலையத்தில் எத்தனை கன கிலோமீட்டர் கூடும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.