லிமரிக்: தமிழில் குறும்பா

அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் வந்தால் பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு எல்லாம் ஐந்தே வரிப் பாட்டுக்குள் புகுந்து சிரிக்க வைக்கும். அந்தப் பாட்டுக்கு ஆங்கிலத்தில் லிமரிக் என்று பெயர். 1, 2, 5ஆம் வரிகள் நீளமாக வந்து ஒரே ஓசையில் முடியும். 3, 4ஆம் வரிகள் குட்டையாக வந்து வேறோர் ஓசையில் முடியும். வரிக்கடைசியில் வரும் இந்த ஒத்த ஓசையைத்தான் நாம் இயைபு என்கிறோம்.

லிமரிக் என்பது அயர்லாந்தில் ஷானன் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். விருந்துகளில் ஆளுக்கொரு பாட்டு கட்டும்போது, நடுநடுவே 'லிமரிக்குக்கு வருகிறாயா?' என்று எல்லோரும் சேர்ந்து பாடுவார்களாம். அதிலிருந்து பெயர் வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இவ்வடிவத்தைப் புகழ்பெறச் செய்தவர் ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் லியர். அவருடைய தொகுப்பு 1846இல் வந்தது. ஆனால் லிமரிக் என்ற பெயரை அவர் பயன்படுத்தவில்லை; அது பிறகு ஒட்டிக்கொண்டது.

ஹாலோவீனின் வேரும் அயர்லாந்துப் பக்கம்தான். அங்கே கொண்டாடப்பட்ட சம்ஹைன் என்ற பழைய கெல்டிக் விழாவோடு அதைச் சேர்த்துப் பேசுவார்கள். 'புனிதர் மாலை' என்ற சொல்லின் பொருள் மட்டும் கிறித்தவம் தந்தது. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா, அதற்கு முந்தைய மாலை ஹாலோவீன். 'பேய்த் திருவிழா' என்று மொழிபெயர்த்தால் அந்தப் புனிதர்கள் காணாமல் போவார்கள். ஹாலோவீன் என்றே எழுதிவிடலாம்.

லிமரிக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை, நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது: குறும்பா. தந்தவர் ஈழத்துக் கவிஞர் மஹாகவி. 'மஹாகவியின் குறும்பா' 1966இல் நூலாக வந்தது. குறுமை + பா, அதாவது சிறிய பாட்டு. குறும்படம் போலப் புணர்ந்த சொல். ஆனால் காதில் குறும்பும் சேர்ந்தே விழுகிறது. சேட்டை செய்யும் பிள்ளையிடம் 'என்ன, குறும்பா?' என்று கேட்கிறோமே, அதே ஒலி! வடிவமும் குணமும் ஒரே சொல்லில் அடங்கிய இப்படி ஒரு பெயர் கலைச்சொல்லாக்கத்தில் அபூர்வம். எனக்கு இதைவிடப் பிடித்த கலைச்சொல் வேறில்லை.

குறும்பாவை நகைத்துளிப்பா என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சென்ரியு என்ற ஜப்பானிய நகைச்சுவைப் பாட்டு, மூன்று வரி. லிமரிக்கையும் ஹைக்கூவையும் கலந்த லிமரைக்கூவும் மூன்று வரிதான். அதை இயைபுத் துளிப்பா என்பார்கள்.

சரி, ஒரு ஹாலோவீன் குறும்பா கட்டிப் பார்ப்போம்:

எலும்பாலே ஆனதொரு கூடு
இரவினிலே தட்டியதோர் வீடு;
    நாய்பார்த்துக் குரைத்தது,
    நாக்குநீட்டி இரைத்தது;
எலும்பெல்லாம் கூவினவாம்: "ஓடு!"

நீள வரிகளில் காய்ச்சீர் (மூன்றசை), காய்ச்சீர், தேமா (ஈரசை) என்று நடை ஒன்றாக ஓடுகிறது. கூடு, வீடு, ஓடு ஓர் இயைபு. குரைத்தது, இரைத்தது இன்னோர் இயைபு. குட்டை வரிகள் இரண்டும் மூச்சு வாங்குவது போல வேகமெடுப்பதால், ஐந்தாம் வரி அடிக்கப்போகிறது என்று காது காத்திருக்கிறது. எழுதும்போது அந்தக் கடைசிச் சொல்லை முதலில் பிடித்துவிட்டு மேலே போவது என் வழக்கம். இங்கே 'ஓடு' கிடைத்த பிறகுதான் கூடும் வீடும் வந்தன. நாய் எலும்பைத் தேடி அப்புறம் வந்தது.